கெடு நாளுக்கு முன் ஒரு கணக்கு



உங்கள் ஊரில் ஒரு சிறு அச்சகம் இருப்பதாகக் கொள்வோம். முன்பெல்லாம் அங்கே ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகள் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும். இன்று அந்த இடத்தில் ஐந்து கணிப்பொறிகள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, கடை பில் புத்தகம், திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டுமலர் எல்லாம் அவற்றில்தான் உருவாகின்றன. ஒருநாள் காலையில் முதலாளி கணிப்பொறியைப் போடுகிறார். "இந்த இயக்க அமைப்புக்கான பராமரிப்பு இன்ன தேதியுடன் முடிகிறது" என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதை மூடிவிட்டு அவர் வேலையைப் பார்க்கிறார். அந்தத் தேதியும் வந்து போகிறது. மறுநாள் கணிப்பொறி எப்போதும் போல் ஓடுகிறது. "பார்த்தீர்களா, சும்மா பயமுறுத்தினார்கள்!" என்கிறார்.

அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், அவர் என்ன செய்திருக்க வேண்டும், எப்போது தொடங்கியிருக்க வேண்டும்? இதை ஒரு கணக்கைப் போலவே போட்டுப் பார்ப்போம். கதையில் வரும் அச்சகம் கற்பனை. தேதிகள் உண்மையானவை.

எது முடிகிறது?

கடைகளில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்களே, அதைத்தான் இயக்க அமைப்பு என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை அதன் வகைகள். நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் அந்த மின்துடிப்பை வாங்கி, உரிய மென்பொருளிடம் சேர்ப்பது இயக்க அமைப்பு. நினைவகத்தில் எந்த இடம் எந்த மென்பொருளுக்கு, வட்டில் எந்தக் கோப்பு எங்கே, அச்சுப்பொறி இப்போது யாருடைய வேலையைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதும் அதுவே. கல்யாண மண்டபத்து மேலாளரைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரருக்கு ஓர் அறை, மேளக்காரருக்கு ஓர் அறை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தைத் தம் கையிலேயே வைத்திருப்பவர் அவர். அந்தச் சாவிக்கொத்தை நினைவில் வையுங்கள்.

இயக்க அமைப்பு என்பது மனிதர்கள் எழுதிய பல கோடி வரிக் கட்டளைகள். அவ்வளவு பெரிய எழுத்துவேலையில் பிழை இல்லாமலிருக்காது. பெரும்பாலான பிழைகளால் தீங்கில்லை. சில பிழைகள் மட்டும், சாவிக்கொத்தை அன்னியன் ஒருவன் எடுத்துக்கொள்ள வழிவிடும் ஓட்டைகளாக இருக்கும். ஓட்டை தெரியவந்ததும் தயாரித்த நிறுவனம் ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறது. 'அப்டேட்' என்று வருவதில் முக்கியமான பகுதி இதுதான். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இந்தத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று வெளியிடும் வழக்கத்தை வைத்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. பழைய நாள்காட்டிகள் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். மூன்றும் அந்தந்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய்! கடைசித் தவணைத் திருத்தத்தைக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்துகிறார்கள்.

ஆகவே பராமரிப்பு முடிவதால் கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. புதிய திருத்தங்கள் வருவதுதான் நின்றுபோகிறது. "இருக்கிற ஓட்டைகளை அடைத்தாயிற்று, இனி யார் வந்து புது ஓட்டை போடப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு பூட்டுக் கம்பெனியை எண்ணிப் பாருங்கள். அது பத்தாம் எண் பூட்டு என்றும் பதினோராம் எண் பூட்டு என்றும் இரு வகைகள் விற்றது. வெளித்தோற்றம் வேறு, ஆனால் உள்ளே இருக்கும் சுருள்வில் இரண்டிலும் ஒன்றே. அந்தச் சுருள்வில்லில் குறை இருப்பது ஒருநாள் தெரிகிறது. பதினோராம் எண் பூட்டு வைத்திருப்பவர்களை மட்டும் அழைத்துக் கம்பெனி வில்லை மாற்றிக் கொடுக்கிறது. திருடன் என்ன செய்வான்? மாற்றுவதற்கு முன்னிருந்த பூட்டையும் பின்னர் வந்த பூட்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்ப்பான். எந்த வில் மாறியிருக்கிறதோ, அங்கேதான் குறை இருந்தது என்று புரிந்துகொள்வான். உடனே பத்தாம் எண் பூட்டுத் தொங்கும் வீட்டைத் தேடிப் போவான். திருத்தமே அவனுக்கு வழிகாட்டியாகிவிட்டது. விண்டோஸின் அடுத்தடுத்த பதிப்புகளில் பொதுவான பகுதிகள் ஏராளம். எனவே பழைய பதிப்பில் ஆபத்து முதல் நாளில் சிறியதாகத்தான் இருக்கும். புதிய பதிப்புக்குத் திருத்தம் வரும் ஒவ்வொரு மாதமும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். முதலாளி மறுநாள் காலையில் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்றது, தண்ணீரை அடுப்பில் வைத்த பத்தாவது விநாடியில் விரலை விட்டுப் பார்ப்பதைப் போன்றது.

ஐம்பத்தொன்பது நாள்கள்

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே வலையமைப்பிலுள்ள கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸில் ஒரு பகுதி உண்டு. அதிலிருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14-இல் அந்த ஓட்டை வழியாக நுழையும் கருவி ஒன்றைச் சிலர் இணையத்தில் போட்டுவிட்டார்கள். மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்ற நச்சு மென்பொருள் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு கிளம்பியது. நுழைந்த கணிப்பொறியின் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறந்துவிடப் பணம் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை பெரும் பாதிப்புக்கு உள்ளாயிற்று. அங்கே ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

மார்ச் 14-க்கும் மே 12-க்கும் இடையே எத்தனை நாள்? மார்ச்சில் 17, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 12. ஆக 59 நாள்கள். சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அப்போது அதற்குப் பராமரிப்பு இருந்தது, திருத்தமும் தயாராக இருந்தது. போட்டுக்கொள்ளாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருந்த பொதுமக்களுக்கோ போட்டுக்கொள்ளத் திருத்தமே இல்லை. தாக்குதல் தொடங்கிய பிறகுதான், பராமரிப்பு முடிந்து மூன்றாண்டுகள் ஆகியும் விதிவிலக்காக அவர்களுக்கு ஒரு திருத்தம் கொடுக்கப்பட்டது. அடுத்த முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எண்ணியிருப்பது பேதைமை.

அச்சகத்தின் கணக்கு

இப்போது நம் அச்சகத்துக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, அதாவது ஜனவரி 14 அன்று, நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கெடு நாள் அக்டோபர் 14. சரியாக ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. "நிறைய நேரம் இருக்கிறதே!" என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

அந்த ஆண்டின் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்திய வாரத்தில் எந்த அச்சகத்தில் கை ஓய்ந்திருக்கும்? ஜவுளிக்கடை நோட்டீஸ், இனிப்புக்கடை அட்டைப்பெட்டி என்று குவிந்திருக்கும். தீபாவளி முடிந்தால் நாள்காட்டி, டைரி வேலை. பொங்கலுக்குப் பின் தை மாத முகூர்த்தங்கள். இன்னொன்றும் பாருங்கள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பவர்களுக்கு விற்பனை விவரம் வழக்கமாக 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக்கணக்கு 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். 14 என்பது இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அந்த வாரத்தில் பில் போடும் கணிப்பொறியைப் பிரித்துப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அச்சகத்தில் கை ஓயும் காலம் எது? ஆடி மாதம்! ஆடியில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே பத்திரிகை அடிக்கும் வேலை குறைவு. அம்மன் கோயில் நோட்டீஸும் 'ஆடித் தள்ளுபடி' நோட்டீஸும் வரும் என்பது உண்மைதான். ஆனால் அவை ஒற்றைத்தாள் வேலைகள், ஒரு கணிப்பொறி போதும். 2025-இல் ஆடி பிறந்தது ஜூலை 17. எனவே அச்சகத்தின் உண்மையான கெடு அக்டோபர் அல்ல. ஆடிக்குள் மாற்ற வேண்டும், அதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஒன்பது மாதம் என்று எண்ணியது ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. கம்பெனி குறிக்கும் நாள் அமெரிக்காவில் குறிக்கப்படுகிறது. நம் கடையின் நாளை நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும். திட்டத்தில் இதுவே முதல் வேலை என்பேன். கணிப்பொறியைத் தொடாமலேயே செய்யக்கூடிய வேலை.

அடுத்த வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரே செய்துவிடலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கணிப்பொறிகளுக்கும் ஐந்து பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய ஆண்டு, செயலி, நினைவகம், ஓடும் மென்பொருள்கள், சொருகியிருக்கும் கருவிகள் ஆகியவற்றைக் குறியுங்கள். இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் தொடங்கியவர்கள் நடுவழியில் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 11-க்கு 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் வட்டிடமும் வேண்டும். இவை பெரிய தடையல்ல. தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று செயலி. இன்டெல் செயலிகளில், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையுமே ஏற்கப்படுகின்றன. எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். மற்றொன்று டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பு. மறைகுறிகளைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, மென்பொருள் எதுவும் அவற்றை நகலெடுக்க முடியாதபடி காக்கும் சிறு பெட்டகம் அது. சில கணிப்பொறிகளில் இது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தொடக்க அமைப்புப் பக்கத்தில் போய் இயக்கிவிட்டால் போதும். இது தெரியாமல் நல்ல கணிப்பொறியைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதிது வாங்கியவர்களும் உண்டு.

நம் நோட்டுப் புத்தகம் என்ன சொல்கிறது? பில் மேசையிலுள்ளது 2018-இல் வாங்கியது, தேறுகிறது. வடிவமைப்புக்கான இரண்டில் ஒன்று 2019, தேறுகிறது. மற்றது 2016, செயலி பழையது, தேறவில்லை. நான்காவது, பிலிம் எடுக்கும் அச்சுப்பொறியோடு இணைந்த கிழம். அதில் பேஜ்மேக்கர் ஓடுகிறது. ஐந்தாவது வாசல் பக்கம் இருப்பது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவைச் சொருகுவதும் மின்னஞ்சல் பார்ப்பதும் அதில்தான். அதுவும் தேறுகிறது.

எதை முதலில் மாற்றுவது? முக்கியமான பில் மேசையைத்தானே என்று பலரும் சொல்வார்கள். நான் ஐந்தாவதைச் சொல்வேன். ஊராருடைய பென் டிரைவெல்லாம் அதில்தான் நுழைகிறது. ஆபத்துக்கு அருகில் இருப்பது அதுதான். அதே சமயம் அது இரண்டு நாள் படுத்துவிட்டாலும் கடை நடக்கும். பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பழகிய பின் வடிவமைப்புக் கணிப்பொறி, பில் மேசை கடைசியில், அதுவும் 20-ஆம் தேதி கழிந்த பிறகு. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணிப்பொறியில் விண்டோஸ் 11-க்கு மாறக் கட்டணம் இல்லை. மாறிய பின் பிடிக்காவிட்டால், பத்து நாள்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் ஒரு பில், ஒரு பத்திரிகை, ஒரு பார்ம் என்று எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன் காப்பு நகல்! இங்கே ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு கணிப்பொறியிலும் 300 கிகாபைட் கோப்புகள் இருக்கின்றன. பழைய வகை யு.எஸ்.பி. வழியாக வெளி வட்டுக்கு விநாடிக்குச் சுமார் 30 மெகாபைட் போகும் என்று கொள்வோம். 300 கிகாபைட் என்பது 3,00,000 மெகாபைட். 30-ஆல் வகுத்தால் 10,000 விநாடிகள், அதாவது 2 மணி 47 நிமிடம். ஐந்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 14 மணி நேரம். "சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம்" என்று நினைத்த முதலாளிக்கு இந்த விடை அதிர்ச்சியாக இருக்கும். எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் பார்க்கவும் நேரம் வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகலென்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தமிழ் அச்சகங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. விண்டோஸ் 11 வந்ததோ 2021-இல். இருபது ஆண்டு இடைவெளி! அதில் இது ஓடும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. உதாரணமாக 'பாமினி' எழுத்துருவில் ஆங்கில 'ஜே' எழுத்தின் இடத்தில், அதாவது 106 என்ற எண்ணில், 'த' இருக்கிறது. யூனிகோட் முறையில் 'த' எழுத்துக்கென்றே தனி எண் உண்டு, அது 2980. பழைய கோப்பில் இருப்பது 106 மட்டுமே. எழுத்துருவைக் கொண்டுபோக மறந்தால், புதிய கணிப்பொறியில் தாத்தா பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஆகவே கோப்புகளோடு எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள் எல்லாம் நகலில் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேவைப்படும் கோப்புகளை ஓய்வுள்ளபோது யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

தேறாத இரண்டுக்கு என்ன வழி? 2016-இல் வாங்கியதை மாற்றிப் புதிது வாங்கலாம். அதில் வேலை செய்பவருக்கு விண்டோஸ் மென்பொருள்கள் தேவையில்லை என்றால் லினக்ஸ் போடலாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு இலவசப் பராமரிப்பு உண்டு. இல்லையேல் பணம் கொடுத்து விண்டோஸ் 10-க்கே கூடுதல் காலம் வாங்கலாம். நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த விலை ஒரு கணிப்பொறிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. பெருக்குத் தொடர் படித்திருப்பீர்களே, கூட்டிப் பாருங்கள்: 61, 122, 244, ஆக 427 டாலர். மூன்றாண்டு முடிவில் கையில் மிஞ்சுவது அதே பழைய கணிப்பொறி. ஓராண்டுக்கு வாங்கினால் மூச்சுவிட நேரம் கிடைக்கும், மூன்றாண்டுக்கும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய செயலியிலேயே எப்படியாவது விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் கடைத்தெருவில் கிடைப்பார்கள். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் வந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. எதற்காக மாறினோமோ அதுவே இல்லாமற் போகும்.

நான்காவது கிழத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் நிறமாலைமானி ஒன்று விண்டோஸ் எக்ஸ்.பி. கணிப்பொறியோடு இணைந்திருந்தது. கருவியின் அட்டை புதிய கணிப்பொறிகளில் பொருந்தாது. 2014-க்குப் பின்னும் அதை அப்படியே விட்டுவிட்டோம், நானும் அதற்கு உடந்தை. ஒருநாள் யாரோ சொருகிய பென் டிரைவிலிருந்து நச்சு நிரல் ஒன்று ஏறிக் கோப்புகளைக் கெடுத்துவிட்டது. முதுகலை மாணவி ஒருத்தி மூன்று மாதமாக எடுத்த அளவீடுகள் போயின. காப்பு நகல் அதே கணிப்பொறியின் இன்னொரு மடிப்பில்தான் இருந்தது! அவள் அழவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்து முதல் மாதிரியிலிருந்து அளக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன் பின்னர் அந்தக் கணிப்பொறியின் வலையமைப்புக் கம்பியைக் கழற்றினோம். பென் டிரைவ் துளைகளை அடைத்தோம். அளவீடுகளைக் குறுவட்டில் எழுதி மட்டுமே வெளியே எடுத்தோம். உள்ளே எதுவும் போகாது. கருவி அப்படியே நன்றாக ஓடிற்று.

அச்சகத்தின் நான்காவதற்கும் அதைத்தான் செய்ய வேண்டும். வலையமைப்பிலிருந்து பிரித்து, பிலிம் எடுப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். கோப்பு உள்ளே போக வேண்டுமே என்கிறீர்களா? புதிய கணிப்பொறியில் சோதித்த பிறகு, அதற்கென்றே ஒதுக்கிய ஒரே பென் டிரைவில் போகட்டும். வாசல் பக்கத்துப் பென் டிரைவ் எதுவும் அங்கே வரக்கூடாது.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. மூன்றாண்டுக்கும் பணம் கட்டிய ஒரு நிறுவனத்துக்கு விண்டோஸ் 10-இன் கூடுதல் பராமரிப்பு 2028 அக்டோபர் 10-இல் முடிகிறது. அது என்ன கிழமை, மாதத்தின் எத்தனையாவது என்று கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் வீட்டிலோ தெருவிலோ கணிப்பொறி வைத்துத் தொழில் செய்யும் ஒருவரிடம் போய், ஆண்டில் எந்த மாதம் அவருக்குக் கை ஓய்ந்திருக்கும் என்று கேளுங்கள். மருந்துக்கடைக்காரரும் தையற்கடைக்காரரும் ஒரே மாதத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, நோட்டுப் புத்தகம் எடுக்க வேண்டிய நாளைக் குறித்து அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.